தோன்றி மறையும் எச்சரிக்கைகள்

சென்ற ஆண்டு நம் கல்லூரி விளையாட்டு விழாவின் பிற்பகல் நிகழ்ச்சி அது. தொடர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றுத் தொடங்கவிருந்தது. விழாவைப் படம்பிடிக்க வந்திருந்தவர் நம் துறையிலேயே இளங்கலை பயின்று, இன்று திருமண வீடுகளுக்கு ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தி கொண்டு படமெடுத்து வாழும் முன்னாள் மாணவர். மைதானத்தின் மேல் நாற்பது மீட்டர் உயரத்தில் நின்றிருந்த அவருடைய கருவி திடீரென ஒருபுறம் சாய்ந்து, தலைகீழாகச் சுழன்று, பார்வையாளர் பந்தலை அடுத்திருந்த வேப்பமரத்தின் கிளைகளில் வந்து வீழ்ந்தது. ஒடிந்த இறக்கைத் துண்டொன்று இரண்டாமாண்டு மாணவி ஒருவரின் முழங்கையைக் கீறிற்று. இறையருளால் அதற்குமேல் ஒன்றும் நேரவில்லை. காற்றின் தடையைக் கருதாது கணக்கிட்டால், 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடுகையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் பெற்றிருக்கும் என்று இயற்பியல் துறை நண்பர் பின்னர்ச் சொன்னார். அக்கருவியின் எடை முக்கால் கிலோ. மரம் அங்கில்லாதிருந்தால் அது எங்கு வீழ்ந்திருக்கும் என்பதைப் பந்தலின் முன்வரிசையில் அமர்ந்திருந்த நாம் அறிவோம். நம்மருகே அமர்ந்திருந்த ஆட்சிக்குழுப் பெரியவர்களும் அறிவர்.

கூட்டம் கலைந்தபின் அம்மாணவர் வெளிறிய முகத்துடன் நம்மிடம் வந்து நின்றார். "ஐயா, மூன்று முறை எச்சரிக்கை வந்தது. மூன்று முறையும் தானாகவே போய்விட்டது. அதனால்தான் இறக்காமல் பறக்கவிட்டேன்" என்றார்.

இலக்கணம் கற்பிப்போர்க்கு இக்கூற்றில் முதலில் கண்ணில் படுவது 'அதனால்தான்' என்னும் சொல்லே. எச்சரிக்கை மறைந்தது, அதனால் ஆபத்தும் மறைந்தது என்று அவர் முடிவு செய்திருக்கிறார். இவ்விரண்டையும் இணைக்கும் அந்தக் காரணச்சொல் சரியானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். ஒரு தொடர் யாருடைய கூற்று, எந்த இடத்தில், எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று கேட்டுப் பொருள் கொள்வதைத்தானே நாம் வகுப்பறையில் நாள்தோறும் செய்கிறோம்? திரையில் தோன்றும் எச்சரிக்கையும் ஒரு கூற்றே. அம்மாணவருடனும் இயற்பியல் நண்பருடனும் இரண்டு மாலைப் பொழுதுகள் அமர்ந்து, அன்றைய பறப்பின் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு நாம் கற்றவற்றை ஈண்டு எழுதுகிறோம். நம் மாணவர் பலர் இத்தொழிலை நாடிச் செல்கின்றனர் என்பதும் இதனை எழுதத் தூண்டிற்று.

பொறியின் புலன்கள்

உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்தவர் தொல்காப்பியர். அக்கண்கொண்டு நோக்கின் இச்சிறு பொறி வியப்பூட்டுவது. தான் எங்கு நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையால் அறிகிறது. தன் முகம் எத்திசையில் உள்ளது என்பதைத் திசைகாட்டியால் அறிகிறது. சாய்வையும் அசைவையும் முடுக்கமானியும் சுழல்மானியும் உணர்த்துகின்றன. உயரத்தைக் காற்றழுத்தமானி சொல்கிறது. அடிப்புறத்துக் கண்கள் தரையைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. மின்கலத்தின் ஒவ்வோர் அறையின் அழுத்தமும், நான்கு மோட்டார்களின் சுழல்வேகமும் நொடிக்குப் பலமுறை அளக்கப்படுகின்றன. புலன்கள் பல உண்டு. ஆயின் ஆறாவதாகிய மனம் மட்டும் கீழே நிற்பவரிடம் இருக்கிறது.

இப்புலன்களுள் ஒன்று தனக்கு விதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டிய அளவைக் காணும்போது, அல்லது இரு புலன்கள் ஒன்றோடொன்று முரண்படும்போது, திரையில் ஒரு வரி தோன்றுகிறது. அளவு எல்லைக்குள் திரும்பியவுடன் அவ்வரி மறைகிறது. இதனை நன்கு மனத்தில் இருத்துதல் வேண்டும். எச்சரிக்கை பேசுவது அளவைப் பற்றி, ஆபத்தைப் பற்றியன்று. காய்ச்சல்மானியில் பாதரசம் இறங்கியது என்பது ஒரு செய்தி. நோய் தீர்ந்தது என்பது வேறொரு செய்தி.

அளவு எல்லைக்குள் ஏன் திரும்பிற்று? நாம் ஆராய்ந்த அளவில் இதற்கு நான்கு காரணங்கள் இருக்கக் காண்கிறோம். மூலகாரணமே நீங்கியிருக்கலாம். காரணம் அப்படியே இருக்க, பொறியின் மீதான பளு மட்டும் குறைந்திருக்கலாம். பொறி அக்குறையை ஏற்றுக்கொண்டு வேறொரு முறையில் பறக்கத் தொடங்கியிருக்கலாம். அல்லது, இது எல்லாவற்றிலும் கொடியது, அளக்கும் புலனே அளக்க முடியாத நிலைக்குப் போயிருக்கலாம். முதற்காரணம் ஒன்றில் மட்டுமே மறைவு நற்செய்தியாகும்.

காரணம் உண்மையிலேயே நீங்குவதற்கு எளிய எடுத்துக்காட்டு திசைகாட்டிக் குறுக்கீடு. கம்பி கட்டிய கான்கிரீட் மாடியிலிருந்தோ, நிறுத்திய காரின் அருகிலிருந்தோ, இரும்பு மேடையிலிருந்தோ கிளப்பும்போது இவ்வெச்சரிக்கை வரும். சில மீட்டர் மேலே சென்றால் இரும்பின் ஆட்சி குறைந்து எச்சரிக்கை மறையும். ஆயினும் இங்கும் ஒரு கண்ணி உண்டு. தரையில் இருக்கும்போதே இரும்பின் செல்வாக்கால் பொறி தன் முகம் கிழக்கில் இருப்பதாகத் தவறாகக் குறித்துக்கொண்டு, உண்மையில் வடக்கு நோக்கி எழுந்தால், மேலே சென்றபின் அதன் கணக்குகள் முரண்படும். நின்ற இடத்தில் நிற்க முயன்று, தவறான பக்கம் திருத்திக்கொண்டு, தொட்டியின் துளையில் நீர் சுழன்று இறங்குவதுபோல் வட்டமிட்டு விரியும். ஆகவே கிளப்பும் முன் திரையின் வரைபடத்தில் உள்ள அம்புக்குறி, கருவியின் மூக்கு உண்மையில் நோக்கும் திசையையே காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்தல் வேண்டும். இரண்டு நொடி வேலை இது. மாடியை விட்டு மண்தரைக்கு வந்து கிளப்புவது இதனினும் நன்று. திருமண மண்டபத்து மொட்டைமாடியை விரும்பும் நம் இளைஞர்க்கு இதனை அழுத்திச் சொல்கிறோம்.

பளு குறைந்ததால் மறைபவை

இரண்டாம் வகையே நம் கட்டுரையின் நெஞ்சம். நம் விளையாட்டு விழாவின் கதையும் இதனுள் அடங்கும்.

முதலில் மின்கலம். லித்தியம் மின்கலத்தின் ஓர் அறை முழுதும் நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 4.2 வோல்ட் காட்டும். மின்னோட்டம் பாயும்போது அதன் உட்தடையால் சிறிது அழுத்தம் உள்ளேயே இழக்கப்படும். ஓர் அறையின் உட்தடை 20 மில்லி ஓம் என்று கொள்வோம். நெம்புகோலை முழுதும் தள்ளி 20 ஆம்பியர் இழுத்தால் 0.4 வோல்ட் குறையும், 3.7 வோல்ட் நின்ற அறை 3.3 காட்டும். அதே மின்கலம் பழையதாகியோ, குளிரில் கிடந்தோ, அதன் உட்தடை இருமடங்கானால் குறைவு 0.8 வோல்ட், அறை 2.9 வோல்ட்டுக்கு வீழும். எச்சரிக்கை சிவப்பாகத் தோன்றும். அஞ்சிய கை நெம்புகோலைத் தளர்த்தும், மின்னோட்டம் குறையும், அழுத்தம் மீளும், எச்சரிக்கை மறையும். மின்கலம் குணமடைந்ததா? இல்லை. நாம் அதனிடம் கேட்பதைக் குறைத்துக்கொண்டோம், அவ்வளவே. திரும்பி வரும் வழியில் எதிர்காற்று வந்து மீண்டும் அதே 20 ஆம்பியரைக் கேட்கும்போது அது மறுபடியும் வீழும்; அப்போது மின்கலத்தில் மிச்சமும் குறைவாக இருக்கும். விழுக்காட்டு எண் 40 என்று காட்டினாலும் இதனை நம்புதற்கில்லை. உதகை, கொடைக்கானல் காலைக் குளிரில் படமெடுப்போர் மின்கலத்தைச் சட்டைப்பையில் வைத்துச் சூடாக வைத்திருப்பதும், கிளப்பியபின் ஒரு நிமிடம் தாழ்வாகவே நிறுத்தி வைப்பதும் இக்காரணம் பற்றியே.

காற்றும் அத்தகையதே. பலத்த காற்று என்னும் எச்சரிக்கை ஒரு வீச்சில் தோன்றி, வீச்சு ஓய்ந்ததும் மறையும். அல்லது கருவி காற்றின் போக்கிலேயே செல்லத் தொடங்கியதும் மறையும். இரண்டாவதே பெரிதும் ஏமாற்றுவது. நொடிக்கு 15 மீட்டர் செல்லவல்ல கருவி, நொடிக்கு 9 மீட்டர் வீசும் காற்றோடு சென்றால் தரைக்கணக்கில் 24 மீட்டர் வேகம் பெறும். 1,200 மீட்டர் தொலைவை 50 நொடியில் கடக்கும். திரும்பும்போது வேகம் 6 மீட்டர்தான். அதே தொலைவுக்கு 200 நொடி வேண்டும். போகும்போது எல்லாம் இனிமையாக இருக்கும். எச்சரிக்கை மறைந்துவிட்டதென்று மகிழ்ச்சியும் இருக்கும். கடற்கரையில் படமெடுப்போர் பலர் கருவியைக் கடலுக்குக் கொடுத்த கணக்கு இதுதான். இந்நிலையில் தானாக வீடு திரும்பும் பொத்தானை அழுத்திவிட்டு வாளாவிருத்தல் போதாது. அது நாம் முன்னரே குறித்த உயரத்துக்கு ஏறித் திரும்பும், அங்கே காற்று இன்னும் மிகுதியாக இருக்கும். மரமும் கம்பியும் இல்லாத வெளியாயின் உயரத்தைக் குறைத்துத் தாழ்வாக வருதலே தக்கது. தரையை ஒட்டிக் காற்றின் விசை குறைவு.

இனி நம் விழாவுக்கு வருவோம். திரையில் மூன்று முறை தோன்றிய வரியின் பொருள், மோட்டார் உச்ச வேகத்தை எட்டிவிட்டது, இறக்கைகளைச் சோதிக்கவும் என்பது. அம்மாணவர் அதன் முற்பாதியை மட்டும் படித்திருந்தார். பறப்புப் பதிவை விரித்துப் பார்த்தபோது, முதல் எச்சரிக்கைக்கும் இரண்டாவதற்கும் இடையே ஏறத்தாழ நான்கு நிமிடம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே ஒன்றரை நிமிடம். மூன்றாவது தோன்றி நாற்பது நொடியில் கருவி கவிழ்ந்தது. மூன்று முறையும் உச்ச வேகம் எட்டியது பின்புறத்து இடப்பக்க மோட்டார், வேறெதுவும் அன்று. மூன்று முறையும் அவர் கருவியைக் காற்றுக்கெதிராக வேகமாகச் செலுத்திய தருணம் அது. நிறுத்தியதும் எச்சரிக்கை மறைந்தது.

என்ன நடந்தது என்பது இப்போது விளங்கும். அந்த மோட்டாரின் இறக்கை, அதற்கு முந்தைய வாரம் ஒரு மண்டபத்தின் அலங்கார விளக்கில் உரசியிருந்தது. வேரை ஒட்டி மயிரிழை போன்ற விரிசல். விரிசலுற்ற இறக்கை வளைந்து கொடுக்கும். தரவேண்டிய தூக்கு விசையைத் தராது. குறையை ஈடுகட்டப் பொறியின் மூளை அம்மோட்டாரை மேலும் வேகமாகச் சுழற்றும். மேலும் சுழன்றால் விரிசல் மேலும் வளரும். இடைவெளி நான்கு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடமாகச் சுருங்கியது இதனாலேயே. ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை மறைந்தபோது விரிசல் முன்னைவிடச் சற்று நீண்டிருந்தது. நான்கு இறக்கையுடைய கருவிக்கு ஓர் இறக்கை போயின் நிலைகொள்ள வழியில்லை.

இறக்கை ஒன்றின் விலை ஒரு வேளை பிரியாணியின் விலைக்கு மேற்படாது என்பதையும் இங்கே குறித்து வைக்கிறோம். உரசிய இறக்கையை மாற்றாமல் விட்டதற்கு விலை காரணமன்று. 'பறக்கிறதே' என்னும் நினைப்பே காரணம்.

முறை மாறிப் பறத்தல்

செயற்கைக்கோள் சமிக்ஞை குறைந்தால் ஒரு செய்தி தோன்றும். உயர்ந்த கட்டடங்களுக்கிடையிலும், பாலத்தின் அடியிலும் இது நேரும். சூரியப் புயலின்போதும் நேரலாம். 2024 மே 10, 11 நாள்களில் வீசிய கடும் புவிகாந்தப் புயலின்போது அமெரிக்காவில் செயற்கைக்கோள் வழிகாட்டலால் உழும் டிராக்டர்களே தடுமாறின. ஓரிரு நொடியில் அச்செய்தி மறைந்துவிடும். ஆயின் சமிக்ஞை மீண்டதால் மறைந்ததா, அன்றிப் பொறி தன் நிலையைக் காக்கும் கடமையைக் கைவிட்டு வேறு முறைக்கு மாறியதால் மறைந்ததா என்பதைத் திரையின் மேல்விளிம்பில் உள்ள சிறு எழுத்தே சொல்லும். முறை மாறியிருப்பின், கைகளை எடுத்தால் கருவி நிற்காது. உயரத்தை மட்டும் காத்துக்கொண்டு காற்றோடு மிதந்து போகும். பெரும்பாலான நம் இளைஞர்கள் கைகளை எடுத்தால் நிற்கும் கருவியில்தான் பழகியவர்கள். நில் என்றால் நிற்கும் குதிரையிலேயே ஏறிப் பழகியவன் கடிவாளம் அறுந்த நாளில் திகைப்பதுபோல் இவர்களும் திகைக்கின்றனர். திறந்த வெளியில், ஆளில்லாத காலைப்பொழுதில், அம்முறையை வேண்டுமென்றே இயக்க இடமளிக்கும் கருவியில் சில மணி நேரம் பழகியவர்க்கு இத்திகைப்பு இராது.

தொலைத்தொடர்பு அறுந்தால் கருவி முன்னரே குறித்த இடத்துக்குத் தானே திரும்புவதும் இவ்வகையே. இதில் அச்சம் வேண்டா. மரத்துக்கோ கட்டடத்துக்கோ பின்னால் சென்றதால் அறுந்த தொடர்பு, கருவி ஏறியதும் மீளும். திரும்பும் உயரம் சுற்றுப்புறத்தின் மிக உயர்ந்த பொருளினும் மேலாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒன்றே கவலை. நம் ஊரில் பள்ளிவாசல் மினாராவும் கைபேசிக் கோபுரமும் இருப்பதைக் கணக்கில் கொண்டு குறித்தல் வேண்டும். சீவகசிந்தாமணியில் மயிற்பொறி ஏறிச் சென்ற விசயை, பகைவனின் வெற்றி முரசு கேட்டு மயங்க, பொறி சுடுகாட்டில் இறங்கியதாகத் திருத்தக்கதேவர் பாடினார். செலுத்துவோர் கை தளரின் பொறி தானே தரை சேரும் என்னும் கற்பனை நமக்குப் புதியதன்று. எங்கே சேரும் என்பதை முன்னரே குறித்துவைக்கும் வசதிதான் புதியது.

புலனே மயங்கும்போது

நான்காம் வகைக்கு மிகக் கொடிய சான்று ஆளில்லா வானூர்தியிலிருந்து கிடைப்பதன்று; 228 பேர் ஏறிச் சென்ற பெருவிமானத்திலிருந்து கிடைப்பது. 2009 ஜூன் 1ஆம் நாள் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் நோக்கிச் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் கடலில் வீழ்ந்து அனைவரும் மாண்டனர். கருப்புப் பெட்டிகள் ஏறத்தாழ ஈராண்டுக்குப் பின் 2011இல் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டன. பிரெஞ்சுப் புலனாய்வு அமைப்பின் இறுதி அறிக்கை 2012 ஜூலையில் வெளிவந்தது.

வேகத்தை அளக்கும் குழாய்களில் பனித்துகள்கள் அடைத்துக்கொண்டதே தொடக்கம். வேக அளவுகள் பிழைபட்டது ஒரு நிமிடத்துக்கும் குறைந்த நேரமே. தானாகவே தீர்ந்துபோகும் தற்காலிகக் குறை அது. சாய்வையும் எஞ்சின் விசையையும் மாற்றாது காத்திருந்தால் ஒன்றும் நேர்ந்திராது. ஆயின் தானியங்கி விலகிய கணத்தில் விமானி மூக்கை மேல் நோக்கி இழுத்தார்; விமானம் ஏறி, வேகமிழந்து, இறக்கைகள் தாங்கும் விசையை இழந்தது. அதனைச் சொல்லும் எச்சரிக்கை 54 நொடி இடைவிடாது ஒலித்தது. பின்னர் நின்றது.

ஏன் நின்றது? மூக்கு அத்துணை மேல் நோக்கி நின்றதால் அளவிடப்பட்ட வேகம் 60 நாட்டுக்கும் கீழே போயிற்று. இத்துணைக் குறைந்த வேகம் வானில் இருக்க முடியாது என்று கருதிய கணினி, அவ்வளவுகளைச் செல்லாதவை என்று ஒதுக்கியது. அளவு இல்லையாதலின் எச்சரிக்கையும் இல்லையாயிற்று. கொடுமை இதனோடு நிற்கவில்லை. விமானி சரியான செயலைச் செய்து மூக்கைத் தாழ்த்தியபோது வேக அளவு செல்லுபடியாகி எச்சரிக்கை மீண்டும் ஒலித்தது. தவறு செய்தால் மௌனம். சரி செய்தால் அலறல். தானியங்கி விலகியதிலிருந்து கடலில் வீழ்ந்தது வரை நாலரை நிமிடத்துக்கும் குறைவு. இவ்வறிக்கையின் செய்தியை முதன்முதலில் அறிந்த இரவில் நாம் நெடுநேரம் உறங்கவில்லை.

சிறு கருவியிலும் இதன் சாயல் உண்டு. அந்தி மயங்கும்போது, அல்லது அலையற்ற குளத்து நீரின்மேல், அடிப்புறக் கண்கள் தரையைக் காணாமல் எச்சரிக்கும். சற்று உயர ஏறினால் அக்கண்களின் எல்லைக்கு அப்பால் சென்றுவிடுவதால் எச்சரிக்கை மறையும். கண் தெளிந்துவிட்டதென்று கொள்ளலாகாது. அது பார்ப்பதை விட்டுவிட்டது. உயரத்தில் இதனால் தீங்கில்லை. நீருக்கு இரண்டு மீட்டர் மேலே மீண்டும் இறங்கும்போதுதான் கருவி நீரைத் தரையென்றும் தரையை நீரென்றும் மயங்கும்.

எல்லா எச்சரிக்கைக்கும் இறக்கிவிட வேண்டுமா என்று மாணவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வியே. இதற்கு விடையாக நாம் 1969 ஜூலை 20ஆம் நாளைக் காட்டினோம். நிலவில் இறங்கிக்கொண்டிருந்த ஈகிள் கலத்தின் கணினி 1202 என்னும் எச்சரிக்கையை எழுப்பிற்று; மறைந்தது; மீண்டும் எழுப்பிற்று. ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் அதன் பொருளறியாது பூமியைக் கேட்டனர். ஹூஸ்டனில் வழிகாட்டலுக்குப் பொறுப்பாயிருந்த ஸ்டீவ் பேல்ஸுக்கு அப்போது வயது 26; அவருக்குத் துணைநின்ற ஜாக் கார்மனுக்கு 24. நம் முதுகலை மாணவர்களைவிடச் சற்றே மூத்தவர்கள். சில நொடிகளில் அவர்கள் 'தொடரலாம்' என்றனர். கணினிக்கு வேலை மிகுந்துவிட்டது என்பதே 1202இன் பொருள். இன்றியமையாத வேலைகளை வைத்துக்கொண்டு பிறவற்றை உதறி அது தன்னைத்தானே மீட்டுக்கொண்டிருந்தது. இடைவிடாது தொடராதவரை, பிற அளவுகள் செம்மையாக உள்ளவரை, இறங்கலாம்.

இத்துணிவு குருட்டுத் துணிவன்று. சில வாரங்களுக்கு முன் நடந்த பயிற்சியில் இத்தகைய எச்சரிக்கை ஒன்றுக்கு அஞ்சி, தேவையின்றிப் பயணத்தைக் கைவிடுமாறு அவர்கள் சொல்லிவிட்டனர். அதன்பின் ஜீன் கிரான்ஸ், எல்லா எச்சரிக்கைகளையும் ஆராய்ந்து எதற்கு என்ன செய்வது என்று எழுதுமாறு பணித்தார். கார்மன் தம் கையால் எழுதி மேசைமேல் வைத்திருந்த பட்டியலே அன்று பேசிற்று. ஆதலின் தொடர்ந்து பறக்கும் உரிமை, அவ்வெச்சரிக்கையின் காரணத்தைத் தரையிலேயே படித்து வைத்தவர்க்கு உண்டு. திரையில் முதன்முதலாகப் பார்ப்பவர்க்கு இல்லை.

இதிலிருந்து அம்மாணவருக்கு நாம் எழுதிக் கொடுத்தவை சில. எச்சரிக்கை தோன்றியவுடன் முதல் வேலை படிப்பதன்று. கருவி மனிதர் தலைமேல் இருந்தால் அதனை ஆளில்லாப் பக்கம் மெல்ல நகர்த்துவது. திரையை விட்டுக் கண்ணை எடுத்துக் கருவியைப் பார்ப்பது அடுத்தது. அது சாய்கிறதா, நகர்கிறதா, ஒலி மாறியிருக்கிறதா என்பதைத் திரை சொல்லாது. பின்னரே வரியை முழுதும் படித்தல். காரணம் கண்ணுக்குத் தெரிந்து, அது நீங்கியதும் தெரிந்தால் தொடரலாம். காரணம் தெரியவில்லையாயின் அப்பறப்பை முடித்துக்கொள்ளலாம். அதே எச்சரிக்கை இரண்டாம் முறை வந்தால் காரணம் கேளாமல் இறக்குக. ஆள் ஏறிய விமானம் அருகில் வருவதாகச் செய்தி தோன்றினால் ஒருமுறையே போதும். தாழ்ந்து விலகுக, செய்தி மறைந்தாலும் சிறிது நேரம் தாழ்வாகவே இருக்க. இறக்கியபின் இறக்கைகளை விரல்நுனியால் வேர்வரை தடவிப் பார்க்க. நான்கு மோட்டார்களில் ஒன்று மட்டும் மிகச் சுடுகிறதா என்று தொட்டறிக. பதிவைத் திறந்து, எச்சரிக்கை வந்த நொடியில் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று காண்க.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2021 ஆகஸ்டு 25இல் இந்திய அரசு வெளியிட்ட ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை எடையுள்ளவை மைக்ரோ வகை. தொழிலுக்காக அவற்றைச் செலுத்துவோர் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். விபத்து நேரின் 48 மணி நேரத்துக்குள் உரிய இயக்குநரகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும் என்பதும் விதி. அம்மாணவர் சான்றிதழ் பெற்றவர். பயிற்சியில் இதனைக் கேட்டிருந்தும் மறந்திருந்தார். விழாவை நடத்திய நாமோ கேள்விப்பட்டதே இல்லை. பொறுப்பில் நமக்கும் பங்குண்டு என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. பந்தலுக்கு நேர்மேலே பறக்கவிடுமாறு கேட்டுக்கொண்டவர்களும் நாமே.

இன்னும் ஒன்று, துறை சார்ந்தது. அக்கருவியின் எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் வருகின்றன. அம்மாணவரின் கைபேசியில் தமிழில் பெற வழியில்லை. நம் மாவட்டத்தில் இத்தொழில் செய்யும் இளைஞர் பலர் அண்ணனிடமோ நண்பனிடமோ பழகியவர்கள். அவர்கள் எச்சரிக்கையைச் சொல்லாகப் படிப்பதில்லை, நிறமாகப் பார்க்கின்றனர். மஞ்சள் என்றால் பரவாயில்லை, சிவப்பு என்றால் ஆபத்து. ஒரு நொடியில் மறையும் ஆங்கிலத் தொடரின் பிற்பாதியைப் படிக்க அவர்களுக்கு நேரமில்லை. இறக்கைகளைச் சோதிக்கவும் என்னும் அறிவுரை அப்பிற்பாதியில்தான் இருந்தது. கலைச்சொல்லாக்கம் பற்றி நம் துறையில் ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்துகிறோம். ஒரு பறப்புக் கருவியின் எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரே அது மறைந்தால் என்ன பொருள் என்பதையும் குறித்து, ஒரே தாளில் அச்சிடும் பணியை இவ்வாண்டு இரண்டாமாண்டு மாணவர் ஏற்றனர். முழங்கையில் கீறல் பட்ட மாணவியே அதன் பொறுப்பாளர். பெரிய சொற்கள் வேண்டா, ஓடும்போது படிக்கக்கூடிய சொற்கள் வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. நாம் முன்மொழிந்த சொற்களுள் பலவற்றை அவர் தள்ளிவிட்டார்.

இவ்வாண்டு விளையாட்டு விழாவுக்கும் அதே முன்னாள் மாணவர் வந்தார். கயிறு கட்டிய எல்லைக்குள் கருவி வரவில்லை. பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தபோது அவர் திடீரெனக் கருவியைக் கால்பந்துத் திடலின் மூலையில் இறக்கினார். மின்கலத்தின் ஓர் அறை பற்றி இரண்டாம் முறை எச்சரிக்கை வந்து மறைந்ததாம். மின்கலத்தை மாற்றி, தடவிப் பார்த்து, மீண்டும் கிளப்ப நான்கு நிமிடம் ஆயிற்று. ஆட்சிக்குழுப் பெரியவர் ஒருவர் தம் பேரன் கோப்பை வாங்கிய காட்சி படத்தில் இல்லையே என்று நம்மிடம் வருந்தினார். அக்காட்சி படத்தில் இல்லைதான்.